டொக்டர் மறித்த வண்டி

ஏழாவது கேள்விக்கு வந்ததும் அருமைராசா பேனையை மேசையில் வைத்துவிட்டார். அதுவரை கோயில் பெருநாளுக்குப் போகிற ஆள்போல உற்சாகமாகத்தான் நின்றார். பெயர், பிறந்த திகதி, முகவரி, அவசரமென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பிரெஞ்சில் இருந்ததை மகள் றொஷினி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, குனிந்து, முத்து முத்தான எழுத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார். வலிப்பு வருவதுண்டா? இல்லை. முதுகெலும்பில் சத்திரசிகிச்சை? இல்லை. கர்ப்பமாக இருக்கிறீர்களா? அதையும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் 'இல்லை' என்ற பெட்டிக்குள் கோட்டைப் போட்டார். மனுசனுக்குப் படிவம் என்றால் அப்படி ஒரு மரியாதை.

“மோட்டர் பூட்டின வாகனம் இனி ஒருநாளும் ஓட வேண்டாமெண்டு எப்பவாவது ஒரு டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரோ எண்டு கேக்கினம்,” என்றாள் றொஷினி. “நோ எண்டு போடுங்கோ அப்பா.”

“சொன்னவரெல்லோ,” என்றார் அருமைராசா.

“அது மோட்டச்சைக்கிளுக்கு. அதுவும் ஒன்பது வருசத்துக்கு முந்தி.”

“எப்பவாவது எண்டுதானே கேட்டிருக்கு.”

அவர்களுக்குப் பின்னால், மீன் ரோல்ஸ் பெட்டியையும் தேத்தண்ணிப் போத்தலையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற மனைவி செலீனுக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. ஜூலை மாதத்து வெயில் அந்தத் தகரக் கொட்டிலைப் பாண் சுடுகிற போறணை மாதிரிக் காய்ச்சிக்கொண்டிருந்தும் குளிர்ந்தது. ஏனென்றால் எந்த டொக்டரும் அருமைராசாவுக்கு அப்படியொன்றைச் சொல்லவேயில்லை. சொன்னது செலீன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். செலீனுடைய புளுகு ஒன்பது வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடம் மொன்றியலிலிருந்து வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். ஒரு காலத்தில் மணல் அள்ளின பெரிய கிடங்கு. மணல் தீர்ந்ததும் அந்தச் சின்ன ஊரின் நகரசபை அதைச் சுற்றி வேலி போட்டு, மேடு பள்ளங்களை அப்படியே விட்டு, போதாததற்கு நாலைந்து சேற்றுக்குண்டுகளையும் வெட்டி, தடித்த சக்கரம் நாலு பூட்டி, குதிரைபோல ஏறி இருந்து ஓட்டுகிற நாலுசில்லு வண்டிகளும் மண்ணில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களும் ஆசைதீர ஓடித் திரிவதற்கென்று பொதுப் பூங்கா ஆக்கிவிட்டது. பூங்கா என்றால் செலீனுக்குத் தெரிந்தது நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டுக்கு எதிரே இருக்கிற புல்வெளி. அங்கே நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்லிப் பலகை நிற்கும். இங்கே நின்ற பலகை, சேறு கண்ணில் பட்டால் நகரசபை பொறுப்பல்ல என்றது. சனம் குடும்பம் குடும்பமாக வண்டிகளை ட்ரெயிலரில் ஏற்றிவந்து இறக்கிக்கொண்டிருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாயில் பாதி சான்ட்விச்சோடு, உறுமிக்கொண்டு போனாள். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு இந்தக் கொட்டிலில் வாடகைக்குக் கொடுத்தார்கள்.

இது றொஷினியின் வேலை. அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு மேற்சட்டையும் மணிக்கூடும் வாங்கிக் கொடுத்து அலுத்துப்போய், இந்த முறை ஒரு கடித உறையை நீட்டினாள். உள்ளே ஒரு நாலுசில்லு வண்டியின் படமும் ஒரு சனிக்கிழமைத் திகதியும் இருந்தன. அருமைராசா படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், “டொக்டர் மறிச்சவரெல்லோ பிள்ளை” என்றார். றொஷினி ஆயத்தமாகத்தான் இருந்தாள். “அது ரெண்டு சில்லுக்கு. இது விழாது.” அந்தப் பதிலை மனுசன் கண்ணை மூடி முழிக்கிறதுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார். செலீன் என்ன சொல்லுவாள்? இதையும் டொக்டர் மறித்தவர் என்று சொன்னால், இருபத்தெட்டு வயது மகள் அடுத்த நிமிடமே டொக்டருக்கு மின்னஞ்சல் போடுவாள். ஆகவே வாயைப் பொத்திக்கொண்டு மழை வேண்டி அந்தோனியாரை மன்றாடினாள். ஆனால் அந்தோனியார் தொலைந்த சாமானைத் தேடித் தருகிற புனிதர், மழைக்குப் பொறுப்பு வேறு ஆள் போலும். சனிக்கிழமை ஒரு பஞ்சு முகில்கூட இல்லாமல் விடிந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு நடந்ததை இதில் சொல்லிவிட வேண்டும். அருமைராசா அப்போது பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. கோடை வந்தால் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளில்தான் போய் வருவார். அந்த வண்டியில் ஏறினால் மனுசன் பத்து வயது குறைந்த ஆள். ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சு நொந்திருக்கிறது. வேறு யாருமென்றால் ஓரமாக நிறுத்தி உதவி கேட்டிருப்பார்கள். இவர் அதே வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒழுங்கான இடத்தில் விட்டுப் பூட்டி, இலக்கச் சீட்டும் எடுத்துக்கொண்டு, ஹெல்மெற்றை மடியில் வைத்தபடி தன்னுடைய முறை வரும் வரைக்கும் காத்திருந்தாராம். நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். ஆறு மணித்தியாலம். அந்த ஆறு மணித்தியாலமும் ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த கதிரையில் இருந்த செலீன் அந்தோனியாரோடு ஒரு பேச்சுப் பேசி முடித்திருந்தாள். அவரை உயிரோடு தாரும், இனி அவர் அந்தச் சாமானில் ஏறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

நேர்த்தி வைப்பது லேசு. அருமைராசாவின் தலையில் அதை ஏற்றுவதுதான் வில்லங்கம். அதற்கும் வழி வந்தது. வீட்டுக்கு விடுகிற நாளன்று டொக்டர் கட்டிலருகே வந்து நின்று சொன்னார்: எலும்பு பொருந்த மூன்று மாதம் செல்லும், அதுவரை காரும் வேண்டாம் மோட்டார் சைக்கிளும் வேண்டாம், பிறகு வழமைபோல ஓடலாம். இருபது வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்து, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பிரெஞ்சு படித்தவள் செலீன். ஒரு சொல் தவறாமல் விளங்கியது. அருமைராசாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாண் தொழிற்சாலையில் இரண்டு வரிசை அடுப்புக்கும் தமிழ் ஆட்கள்தான், பிரெஞ்சுக்கு அங்கே வேலையே இல்லை.

“என்னவாம்?” என்று கேட்டார்.

“காருக்கு மூண்டு மாசம் பொறுக்கட்டாம். மோட்டச்சைக்கிள் இனித் தொடவே வேண்டாமாம்.”

“மூண்டு மாசத்துக்கோ?”

“இல்லை. ஒரு நாளும்.”

தான் சொன்னதைத்தான் மனுசி சொல்லுகிறாள் என்று நினைத்த அந்த நல்ல மனுசன், டொக்டர், பக்கத்தில் நின்று சிரித்தபடி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு விஷயம் முடிந்தது. ஹொண்டாவை அடுத்த தெருவில் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டாம் வருடப் பரிசோதனையில் அருமைராசாவுக்கு ஒரு நப்பாசை வந்து, “எதுக்கும் ஒருக்காக் கேட்டுப் பாரும்” என்றார். செலீன் டொக்டரின் பக்கம் திரும்பி, இவர் சிகரெட் பிடிக்கலாமா என்று பிரெஞ்சில் கேட்டாள். டொக்டரின் முகம் கறுத்துப்போனது. விரலை ஆட்டி, “ஜமே, ஜமே” என்றார். பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட் பிடித்தறியாத அருமைராசாவுக்கு பிரெஞ்சில் தெரிந்த ஏழெட்டுச் சொல்லில் 'ஒருபோதும் இல்லை' என்கிற அந்த ஜமேயும் ஒன்று. பாவம், அதன் பிறகு கேட்கவேயில்லை.

கேட்கவில்லையே தவிர விட்டுவிட்டார் என்றில்லை. பனி கரைந்து முதல் மோட்டார் சைக்கிள் தெருவில் போகிற நாள் செலீனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப்போய் யன்னலைத் திறப்பார். அந்தச் சத்தம் ஷெர்புரூக் தெரு முனையில் கரைந்து போகும்வரை நின்றுவிட்டு வந்து, சோறு ஆறிப்போச்சு என்பார். அவள் அதைச் சூடாக்கிக் கொடுப்பாள். இந்தப் பொய்யை அவள் பாவசங்கீர்த்தனத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பாவத்தைக் கேட்கிற தமிழ்ச் சுவாமிக்கு அவளுடைய குரல் தெரியும், தவிர அவர் அருமைராசாவோடு கரம் போர்ட் விளையாடுகிறவர்.

இப்போது அந்தப் பொய் ஏழாவது கேள்வியாக மேசையில் கிடந்தது.

“அப்பா, இதை ஒருத்தரும் வாசிக்கப்போறதில்லை,” றொஷினி குரலைத் தணித்துச் சொன்னாள்.

“வாசிப்பாங்கள் பிள்ளை. பேப்பர் சாகாது.”

இந்த விஷயத்தில் அவரோடு யாரும் வெல்ல முடியாது. அகதி வழக்குக்காலத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த பத்திநாதர் ஒரு படிவத்தில் மார்ச் என்றும் இன்னொன்றில் மே என்றும் எழுதி, அந்த இரண்டு மாதத்துக்காக நாலு வருடம் இழுபட்டவர். அன்றிலிருந்து அருமைராசா கடையில் வைத்திருக்கிற அதிர்ஷ்டச் சீட்டுக்குக்கூட உண்மையான தொலைபேசி இலக்கம்தான் எழுதுவார். பேனையை எடுத்தார். 'ஆம்' என்ற பெட்டிக்குள் நிதானமாகக் கோட்டைப் போட்டு, கையெழுத்தும் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

கவுண்டரில் இருந்த பிள்ளையின் சட்டையில் மரி-ஈவ் என்று பெயர் குத்தியிருந்தது. இருபது, இருபத்தொரு வயதிருக்கும், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. படிவத்தில் விரலை ஓடவிட்டு ஏழில் நிறுத்தி, வருத்தமாகத் தலையை அசைத்தாள். டொக்டரின் கடிதம் இல்லாமல் வண்டி தர முடியாது. றொஷினி வாதாடினாள், கெஞ்சினாள், மேலாளரைக் கேட்டாள். அருமைராசா அவளுடைய தோளில் கையை வைத்தார்.

“அந்தப் பிள்ளை தன்ர வேலையைச் செய்யுது. நீ போய் ஓடு. நாங்கள் இருந்து பாக்கிறம்.”

“நீங்கள் இல்லாம எனக்கு என்னத்துக்கு?”

“நீ ஓடினா நான் ஓடின மாதிரித்தான். போ.”

கண் கலங்கினதை மறைக்க றொஷினி ஹெல்மெற்றை அவசரமாக மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

வேலிக்கு இப்பால் பைன் மர நிழலில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் இருந்தார்கள். செலீன் சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, மழை செய்யாததை ஒரு கடதாசி செய்து முடித்துவிட்டது. நேர்த்தி காப்பாற்றப்பட்டாயிற்று. அவளோ எடுத்த ரோல்ஸைக் கடிக்காமலே பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் இரண்டாவது ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, ஓடுகிற வண்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை வண்டியின் எஞ்சின் சத்தம் சரியில்லை, கவனிக்காமல் விட்டால் சூடேறிவிடும். மேட்டில் ஏறும்போது முன்னுக்குச் சாய வேண்டும், அந்தத் தாடிக்காரனுக்கு அது தெரியவில்லை. றொஷினி நன்றாக ஓடுகிறாள், கொஞ்சம் பயம், பழகிவிடும். குரலில் கோபமோ கவலையோ இல்லை. அழகான கலியாண வீட்டுக்கு வந்து வாசலில் இருக்கச் சொன்னாலும் பரவாயில்லை, மேளம் கேட்கிறதுதானே என்கிற சுபாவம் அவருக்கு. கோபித்திருந்தால் செலீன் தாங்கியிருப்பாள். முப்பத்தைந்து வருடமாக அந்த மனுசனில் அவளுக்கு இருக்கிற விருப்பமெல்லாம் இந்தக் குணத்தில்தான் தொடங்கியது. இன்றைக்கு அதுவே அவளை அறுத்தது.

“அந்த டொக்டர் நல்லா இருக்கோணும்,” என்றார் அருமைராசா, வாயைத் துடைத்துக்கொண்டு. “அவர் மறிச்சிருக்காட்டி நான் எப்பவோ போயிருப்பன். வேற ஆர் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டன். நீர் சொல்லியிருந்தாலும்.”

அவர் இதை வருடா வருடம் சொல்லுகிறவர்தான். ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பெருநாளுக்குச் செலீன் செய்கிற கேக்கில் ஒரு பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு போய் டொக்டரிடம் கொடுத்து, பாடமாக்கி வைத்திருக்கிற பிரெஞ்சில், மோட்டார் சைக்கிளுக்கு நன்றி என்பார். மனுசன் சந்தோசமாக ஓடித் திரிகிறான் என்று நினைத்து டொக்டரும் கையைக் குலுக்கி, நல்ல பயணம், நல்ல பயணம் என்பார். செலீன் நடுவில் நின்று இருவருக்கும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“டொக்டர் சொல்லேல்ல,” என்றாள். “நான்தான் சொன்னனான்.”

“என்னத்தை?”

“மோட்டச்சைக்கிள் வேண்டாமெண்டு. அவர் மூண்டு மாசம் எண்டுதான் சொன்னவர். பேந்து ஓடலாமெண்டவர். நான் மாத்திச் சொன்னனான்.”

அருமைராசா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றுக்குண்டுக்குள் இறங்கி ஏறுகிற ஒரு வண்டியைப் பார்த்தபடி இருந்தார். அவள் மிச்சத்தையும் சொன்னாள். நேர்த்தியைச் சொன்னாள். சிகரெட்டைச் சொன்னாள். சொல்லி முடிந்ததும் அவர் எழும்பிப் போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகு அவ்வளவு நேரம் அசையாமல் நின்று அவள் கண்டதில்லை.

“ஒன்பது கேக்,” என்றார் கடைசியில்.

“எட்டு. கொரோனா வருசம் குடுக்கேல்ல.”

அவர் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. “எனக்கு இந்த நாட்டுப் பாஷை தெரியாது செலீன். உம்மட வாயைத்தான் நம்பினனான். டொக்டரிட்ட, பாங்கில, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில, எல்லா இடத்திலயும் உம்மட வாய்தான் எனக்கு.”

“ஓம்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?”

அவர் யோசித்தார். படிவத்துக்குப் பொய் சொல்லாதவர் மனைவிக்கும் சொல்லமாட்டார். “மாட்டன்,” என்றார்.

“ஆறு மணித்தியாலம் அந்தக் கதிரையில இருந்தனான். நீங்கள் இல்லாத வீட்டுக்குப் போய் எப்பிடித் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கிறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். வேற ஒண்டும் வரேல்ல. எனக்குப் பயம். அண்டைக்கும் பயம், இண்டைக்கும் பயம். செய்தது பிழை. ஆனா நீங்கள் ஒன்பது வருசம் என்னோட இருந்திருக்கிறியள். அதைப் பிழையெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை.”

அருமைராசா வந்து வாங்கின் மற்றப் பக்கத்தில் இருந்தார். நடுவில் ரோல்ஸ் பெட்டி. தூரத்தில் றொஷினி கையை ஆட்டிக்கொண்டு போனாள், இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள்.

“வேற என்னத்தை மாத்திச் சொன்னனீர்?” என்று கேட்டார். “உப்பு?”

“உப்பு அவர் சொன்னது.”

“ஆட்டிறைச்சி?”

செலீன் காலடியில் கிடந்த பைன் காயைப் பார்த்தாள். “கிழமைக்கு ஒருக்காச் சாப்பிடலாமெண்டவர்.”

“நீர் மாசத்துக்கு ஒருக்கா எண்டெல்லோ சொன்னனீர்.”

“ஓம்.”

அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. கோபமாக்கும் என்று செலீன் பயந்தாள். பார்த்தால் மனுசன் சிரிக்கிறார். சிரிக்கக்கூடாதென்று உதட்டை இறுக்கியும் நிற்காமல், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, “என்ர கடவுளே, நூறு ஆட்டுக்கு மேல தப்பியிருக்கும்,” என்றார். கோபம் போய்விட்டது என்றில்லை. அது அவருக்குள் எங்கேயோ ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டது என்று செலீனுக்குத் தெரிந்தது. அது எழும்பிப் போக நாள் செல்லும். செல்லட்டும்.

அவள் எழும்பினாள். “வாங்கோ, போய் ஃபோமை மாத்துவம்.”

“விசரே உமக்கு? ஒருக்கா ஓம் எண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சாச்சு. பேந்து இல்லையெண்டால் பொய்க்காரன் எண்டெல்லோ நினைப்பினம்.”

“பொய்க்காரி நான்தானே. நான் சொல்லுறன்.”

கொட்டிலுக்குள் மரி-ஈவ் தனியாக விசிறிக்கு முன்னால் இருந்தாள். செலீன் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளிடம் படித்த அந்தப் பிரெஞ்சில், தன் மகளைவிட இளையவளான ஒரு பெட்டைக்கு முன்னால், ஒன்பது வருடத்துப் பாவத்தை ஒன்றும் விடாமல் சொன்னாள். சுவாமிக்குச் சொல்ல முடியாதது இந்த உரிந்த மூக்குக்காரிக்குச் சொல்ல இவ்வளவு லேசாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மரி-ஈவ் இடைமறிக்காமல் கேட்டாள். சிகரெட் பகுதியில் மட்டும் வாயைக் கையால் பொத்தினாள்.

“என் அப்பாவின் பனிவண்டிச் சாவியை அம்மா மாவு வாளிக்குள் இரண்டு பனிக்காலம் ஒளித்து வைத்திருந்தாள்,” என்றாள் முடிவில். “இப்போது இவருடைய நெஞ்சு எப்படி?”

“நல்லாயிருக்கிறது. போன மாதமும் பார்த்தோம். டொக்டர் சொன்னதை நானே கேட்டேன்,” என்ற செலீன், அந்தச் சாட்சியத்தின் பெறுமதி தனக்கே விளங்கி, கைப்பையிலிருந்து டொக்டரின் அறிக்கையை எடுத்து நீட்டினாள். இதய நோயாளியின் மனைவியின் பையில் அது எப்போதும் இருக்கும். மரி-ஈவ் அதை வரி வரியாக வாசித்துவிட்டு, எல்லா நடவடிக்கைகளும் அனுமதி என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பழையதைக் கிழிக்கப் போனாள்.

“கிழிக்க வேண்டாமெண்டு சொல்லும்,” என்றார் வாசலில் நின்ற அருமைராசா. “அதிலயே எழுதச் சொல்லும். ஏன் மாத்தினதெண்டு இருக்கோணும்.”

ஆகவே ஏழாவது கேள்விக்குக் கீழே செலீன் தன் கையால் பிரெஞ்சில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தாள். அருமைராசா அந்த வரியின்மேல் விரலை வைத்தார். அவரால் வாசிக்க முடியாத வரி.

“என்ன எழுதியிருக்கிறீர்?”

“முதல் சொன்ன விடை பிழை. டொக்டர் சொன்னதை மனைவி பிழையாக மொழிபெயர்த்துவிட்டா.”

“அப்பிடியேதான் இருக்கோ?”

“அப்பிடியேதான்.”

அவர் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி அவளுடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்தார்.

“எனக்கும் ஒரு ஃபோம் தாங்கோ,” என்று செலீன் தமிழிலேயே மரி-ஈவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சுக்கு மாறினாள். பின்னுக்கும் ஒரு ஆள் இருக்கக்கூடிய வண்டி இருக்கிறதா?

“நீர் என்னத்துக்கு?” என்றார் அருமைராசா.

“நேர்த்தி வச்சது நான், முறிக்கிறது நீங்கள். அந்தோனியார் கணக்குக் கேக்கிறதெண்டா ரெண்டு பேரிட்டயும் ஒண்டாக் கேக்கட்டும். உங்களைத் தனிய விட்டிட்டு நான் வேலிக்கு இஞ்சால நிண்டு பாக்கமாட்டன்.”

ஹெல்மெற் அவளுடைய தலைக்குள் இறங்கவில்லை. கொண்டை மறித்தது. மரி-ஈவ் வேறு அளவு தேடப் போக, செலீன் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி அருமைராசாவின் உள்ளங்கையில் வைத்தாள். பதினொரு ஊசி. நரைத்த மயிர் தோளில் விழுந்து, மணற்காற்றில் பறந்தது. வீட்டுக்கு வெளியே அவள் கூந்தலை அவிழ்த்து விட்டதேயில்லை. அவர் ஊசிகளைச் சட்டைப்பைக்குள் பத்திரமாகப் போட்டு, பையின் பொத்தானையும் பூட்டினார்.

சிவப்பு வண்டி. மரி-ஈவ் பிரெஞ்சில் சொல்ல, செலீன் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். மோட்டார் சைக்கிள் மாதிரிக் கைபிடியை முறுக்கத் தேவையில்லை. வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு. அமத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். அருமைராசா ஏறி இருந்தார். செலீன் அவருடைய தோளைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு, மாதாவே என்று பின்னால் இருந்தாள். எஞ்சின் உயிர் பெற்றது. மரி-ஈவ் விலகி நின்று, போகலாம் என்று கையைக் காட்டினாள். முன்னால் மணல்பாதை, அதற்கப்பால் முதல் மேடு. மேட்டில் றொஷினி வண்டியை நிறுத்திவிட்டு, இவர்களைக் கண்டு ஆசனத்தில் எழும்பி நின்றாள்.

வண்டி அசையவில்லை.

“என்ன?” என்றாள் செலீன்.

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அவள் முன்னுக்குச் சரிந்தாள். இரண்டு ஹெல்மெற்றும் டொக்கென்று முட்டின.

“எனக்குப் பயமாக் கிடக்கு, செலீன்.”

“ஏன்?”

“இவ்வளவு நாளும் ஆரோ மறிச்சுக்கொண்டெல்லோ இருந்தவை,” என்றார். “இப்ப ஒருத்தரும் மறிக்கேல்ல.”

கைபிடியில் அவருடைய வலது கை இருந்தது. முப்பது வருடம் சூடான பாண் தட்டுகளைப் பிடித்துத் தோல் தடித்துப்போன அந்தக் கையில், பெருவிரல் மட்டும் தகட்டுக்கு மேலே தொடாமல் நின்றது. செலீன் அவருடைய முதுகோடு தன் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, வலது கையை எட்டும் மட்டும் நீட்டினாள். எட்டவில்லை. ஆசனத்திலிருந்து அரைவாசி எழும்பி இன்னும் நீட்டினாள். அவருடைய பெருவிரலின் மேல் தன்னுடைய பெருவிரலை வைத்து, மெல்ல அமத்தினாள்.